முழங்கால் வலியா? வாய்க்கால் கரைக்கு சைக்கிளை எடுங்கள்!

சைக்கிளை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு? பள்ளிக்கூட நாளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டீர்கள். கல்லூரிக்கோ வேலைக்கோ கொஞ்ச காலம் ஓட்டினீர்கள். அப்புறம் ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிவிட்டது. இப்போது வயது ஐம்பதைத் தொடுகிறது. உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் 'கடக்' என்று ஒரு சத்தம். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லை தாண்டியிருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும், "தினமும் நடங்க" என்கிறார்.

ஈரோடு பக்கத்திலிருந்து என்னிடம் வரும் ஒரு ஆசிரியை அம்மா இப்படிக் கேட்டார்: "நடக்கோணும்னு சொல்றீங்க. நடந்தா முட்டி புடிச்சுக்குதுங்க. நடக்காட்டி சக்கரை ஏறுதுங்க. நான் என்னதானுங்க பண்றது?"

நியாயமான கேள்வி. மூட்டுக்கு ஓய்வு கொடுத்தால் சர்க்கரை ஏறுகிறது, எடை கூடுகிறது. எடை கூடினால் மூட்டு இன்னும் தேய்கிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லும் வழி, வண்டி வாகனம் இல்லாத மண் பாதையில் மெதுவாக சைக்கிள் மிதிப்பது. அது ஏன், எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் குருத்தெலும்பு என்ற மெத்தை இருக்கிறது. இந்த மெத்தைக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டைச் சுற்றியுள்ள வழுவழுப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். ஸ்பாஞ்சை அமுக்கிவிட்டால் எப்படி நீரை உறிஞ்சுமோ, அதே மாதிரிதான். அசைவு இருந்தால் ஊட்டம் உண்டு. அசைவே இல்லாவிட்டால் மெத்தை பட்டினி.

எங்கள் சித்த மருத்துவத்தில் மூட்டுகளில் தங்கி அவற்றை வழுவழுப்பாக வைத்திருக்கும் ஐயத்துக்கு 'சந்திகம்' என்று பெயர். இது வற்றி, வாதம் மிகுந்தால் மூட்டு வறண்டு வலிக்கும் என்பது எங்கள் பார்வை. ஆக, மூட்டை அசைக்கவும் வேண்டும், அதற்கு அதிர்ச்சியும் கொடுக்கக் கூடாது.

சைக்கிளின் சிறப்பே இதுதான். சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் விழுகிறது. படி இறங்கும்போது அதைவிட அதிகம். சைக்கிளை மிதமாக மிதிக்கும்போது ஏறத்தாழ உடல் எடை அளவுதான் விழுகிறது. காரணம், உங்கள் பாரத்தை சீட்டும் ஹேண்டில்பாரும் வாங்கிக்கொள்கின்றன. முழங்கால் மடங்கி நீளும் வேலையை மட்டும் செய்கிறது. தொடைத் தசை பலப்படுகிறது. பலமான தொடைத் தசைதான் முழங்காலுக்குக் கிடைக்கும் நல்ல காவல்.

சரி, ஏன் வாய்க்கால் கரை?

"எங்க தெருவில் ஓட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் ஐம்பது வயதுக்காரரை சைக்கிள் ஓட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. பயத்தில் தோள் இறுகும், மூச்சு மேலே நிற்கும், புகை வேறு. "அப்போ வீட்டுக்குள் ஓட்டுகிற சைக்கிள்?" நல்லதுதான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், பல வீடுகளில் அது துண்டு காயப்போடும் ஸ்டாண்டாகி இருக்கும்!

கொங்கு நாட்டு நிலம் மேடும் பள்ளமுமாக அலை அலையாகப் போவது. ரோட்டில் போனால் ஏறி ஏறி இறங்க வேண்டும். இந்த நிலத்துக்கு நடுவேதான் கீழ்பவானி வாய்க்கால் போகிறது. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையில் கிளம்பி, கோபி, பெருந்துறை, காங்கயம் வட்டாரங்கள் வழியாகக் கரூர் மாவட்டம் வரை சுமார் 200 கி.மீ. தூரம். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம்.

தண்ணீர் மேடு ஏறாது. அதனால் வாய்க்காலை வெட்டியவர்கள் மேட்டைச் சுற்றி, பள்ளத்தை ஒட்டி, நில மட்டத்தைப் பார்த்துப் பார்த்து வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். சரிவு உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சரிவு. கரையில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்வையிடுவதற்காகப் போட்ட மண் பாதை, கிராவல் பாதை பல இடங்களில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கமான காடு தோட்டம் தெரியும். உங்கள் சக்கரம் மட்டும் தண்ணீரின் மட்டத்திலேயே ஓடும்.

வைத்தியன் கண்ணுக்கு இது ஒரு பெரிய வசதி. முழங்காலைக் கெடுப்பது ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கும் அந்த அழுத்தம்தான். தண்ணீர் போகிற மட்டத்தில் நீங்களும் போனால் அந்த அழுத்தம் வராது. இதை மனசில் வைத்துக்கொண்டால் உங்கள் ஊரிலும் நல்ல பாதையைக் கண்டுபிடித்துவிடலாம். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால், தஞ்சைக்காரர்கள் 'புது ஆறு' என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், மதுரைப் பக்கம் பெரியாறு கால்வாய், தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய் என்று எத்தனையோ இருக்கின்றன. எதுவும் இல்லையா? பெரிய ஏரிக்கரை இருக்குமே! காலை ஆறு மணிக்கு ஒரு நாள் போய்ப் பாதையைப் பார்த்து வாருங்கள். டிராக்டரும் பால்கார மொபெட்டும் தவிர வேறு வண்டி வராத இடமாக இருக்க வேண்டும். 'அனுமதி இல்லை' என்று நீர்வளத் துறை போர்டு வைத்திருந்தால் அங்கே போகாதீர்கள்.

எந்த சைக்கிள்?

இப்போது கடைகளில் 'கிராவல் பைக்' என்றே தனியாக விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நமக்கு அது தேவையில்லை. மூன்று விஷயம் போதும். டயர் சற்று அகலமாக, 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். கியர் இருந்தால் முழங்காலுக்கு நல்லது. பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். சேலை கட்டுபவர்களும், காலைத் தூக்கிப் போட முடியாதவர்களும் கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிளே வாங்கலாம். ஆண்களும் வாங்கலாம், வெட்கமே வேண்டாம்!

டயரில் காற்றை 'கிண்' என்று அடிக்காதீர்கள். காற்றடைத்த டயரை 1888-இல் டன்லப் என்பவர் கொண்டுவந்ததே குலுக்கலைக் குறைக்கத்தான். கல்லு மாதிரி காற்றடித்தால் ஒவ்வொரு சரளைக் கல்லும் உங்கள் முதுகெலும்பில் தெரியும். உடம்பைக் குலுக்கும் பயணம் வாதத்தைக் கூட்டும் என்று எங்கள் மருத்துவம் எச்சரிக்கிறது. டயர் ஓரத்தில் அச்சடித்த அளவில் கீழ் எல்லையை ஒட்டி வையுங்கள். அதற்கும் கீழே போனால் ரிம் அடிவாங்கும், ட்யூப் பஞ்சராகும்.

சீட் உயரம்: பாதி வலி இங்கேதான்

சைக்கிள் ஓட்டி முழங்கால் வலிக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சீட் உயரத்தைத்தான். தரையில் இரண்டு பாதமும் பதியும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பயம்தான் காரணம். சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, முன்பக்கம் வலிக்கும். சீட் மிக உயர்ந்தால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்.

சரியான அளவுக்கு ஒரு சுலபமான வழி. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது குதிகாலால் அல்ல, முன் பாதத்தால் மிதியுங்கள். அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு விரல் அகலம் குறைத்து வைத்து, பழகப் பழக உயர்த்தலாம்.

கிராவலில் ஓட்டும் முறை

சரளை மண் தார் ரோடு மாதிரி அல்ல. சக்கரம் கொஞ்சம் நழுவும். அதற்கு மல்லுக்கட்டினால்தான் விழுவோம்.

1. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும்.

2. முன் சக்கரத்தையே பார்க்காதீர்கள். பதினைந்து அடி தள்ளிப் பாருங்கள். கண் போகிற இடத்துக்கு சக்கரமும் போகும்.

3. குண்டு குழி வந்தால் இரண்டு பெடலையும் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து ஒரு அங்குலம் எழுந்துகொள்ளுங்கள். அதிர்ச்சி முதுகுக்கு ஏறாது.

4. வளைவில் முன் பிரேக்கைத் திடீரென்று அமுக்காதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

5. லேசான கியரில், நிமிஷத்துக்கு 60 முதல் 80 சுற்று வருமாறு மிதியுங்கள். மெதுவாக, பாரமாக மிதிப்பதைவிட, லேசாக, அடிக்கடி மிதிப்பதே முழங்காலுக்கு நல்லது.

6. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சீட்டை விட்டுச் சற்று எழுந்து உட்காருங்கள். தொடை இடுக்கில் மரத்துப்போவது நிற்கும்.

எவ்வளவு நேரம்? நாழிகைக் கணக்கு

நம் முன்னோர்கள் பொழுதை நாழிகையில் அளந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நாழிகை போதும். பிறகு நாள்தோறும் ஒரு நாழிகை. வாரத்துக்கு ஏழு நாழிகை என்றால் 168 நிமிஷம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு இதில் அடங்கிவிடும்.

மிதம் என்றால் என்ன? ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. இதுதான் அளவுகோல். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

மூன்று மாதம் ஆகி, வலி இல்லாமல் இரண்டு நாழிகை ஓட்ட முடிந்தால், கரையை விட்டு இறங்கலாம். கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிகள் இருக்கின்றன. கோபி பக்கம் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் பவானி ஆற்றுப் படுகையே பச்சைப்பசேல் என்றிருக்கும். அங்கே இறங்க ஆசை வரும். ஒரு எச்சரிக்கை: ஆற்றுக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். களைத்த காலோடு ஏற வேண்டியிருக்கும். ஏற்றத்தில் முழங்கால் முனகினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

காற்றும் ஒரு மேடுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து மிதித்துப் பாருங்கள், தெரியும். அந்த மாதங்களில் முதலில் மேற்கே போங்கள். திரும்பும்போது காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

வேகங்களை அடக்காதீர்கள்

உடம்பில் தானாக எழும் 14 வேகங்களை அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். தும்மல், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, சிறுநீர், இளைப்பு எல்லாம் அதில் அடக்கம். சைக்கிள் ஓட்டுபவர்கள் முக்கியமாக மூன்றைக் கவனிக்க வேண்டும். தாகம் எடுத்தால் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வந்தால் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று அடக்காதீர்கள். பெண்கள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். அது இன்னும் தப்பு. போய்விட்டு வந்து கிளம்புங்கள், ஒரு நாழிகைக்குள் திரும்பிவிடலாம். இளைப்பு வந்தால் உட்காருங்கள். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்' என்ற வீம்பு நம் வயதுக்கு வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்தே ஓட்டுங்கள். திரும்பியதும் நீர்மோரோ கம்பங்கூழோ குடிக்கலாம். தொடை, கெண்டைக்கால் வலித்தால் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தடவி, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள். மூட்டு வீங்கி, சூடாக, சிவந்திருந்தால் தேய்க்கவே கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் படிக்க

மிதிக்கும்போது தொடைத் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். ஓட்டும்போது மட்டுமல்ல, சில மணி நேரம் கழித்தும் இறங்கலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே இறங்கி உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை சாப்பிடுங்கள். 15 நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் சாப்பிடுங்கள். சர்க்கரைப் பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும். தனியாகப் போக வேண்டாம். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவும் வேண்டாம். சித்த மருந்து சாப்பிட்டாலும் சரி, ஆங்கில மருந்து சாப்பிட்டாலும் சரி, உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய ஷூ போட்டு, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. ரத்த மூலம் உள்ளவர்கள் அது ஆறும்வரை பொறுங்கள். ஓட்டும்போது நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ வலித்தால் பயிற்சி அங்கேயே முடிந்தது. நேராக ஆஸ்பத்திரிதான்.

கரையில் உயிருக்குக் காவல்

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் அதன் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. சறுக்கலான சரிவில் பாசி பிடித்திருக்கும். உள்ளே விழுந்தால் ஏறிவருவது நீச்சல் தெரிந்தவருக்கே கஷ்டம். அதனால்:

* எப்போதும் தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாகவே ஓட்டுங்கள்.
* முகம் கழுவ, கால் நனைக்க என்று இறங்காதீர்கள்.
* குழந்தைகளைக் கரையில் தனியே ஓட்ட விடாதீர்கள்.
* விடிந்த பிறகு போங்கள், இருட்டும் முன் திரும்புங்கள். புல்லில் பாம்பு இருக்கும்.
* மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். ஈரக் கரையின் ஓரம் சரியும்.
* ஹெல்மெட், செல்போன், தண்ணீர் பாட்டில் மூன்றும் கட்டாயம்.

சந்தேகங்கள்

"இந்த வயசில் பொம்பளைங்க சைக்கிள் ஓட்டினா ஊர் சிரிக்காதா?"

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேலையோடு சைக்கிள் ஏறினார்கள். சிரித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. ஊர் சிரிப்பது இரண்டு நாள், முழங்கால் வலி இருபது வருஷம். எது பெரிசு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

"சைக்கிள் ஓட்டினால் நடக்க வேண்டாமா?"

வேண்டும். சைக்கிளில் உடல் பாரம் எலும்பில் இறங்குவதில்லை. அதனால் எலும்பு பலப்படாது. மாதவிலக்கு நின்ற பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வலி குறையக் குறைய, தினம் பத்து நிமிஷமாவது நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை நாளில் வலி குறையும்?"

ஆளுக்கு ஆள் மாறும். மருந்து மாதிரி மறுநாளே தெரியாது. தசை பலப்பட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். ஓட்டி முடித்த பிறகு வரும் லேசான வலி மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அளவு சரி. மறுநாளும் நீடித்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் சைக்கிளை வெளியே எடுங்கள். தூசி தட்டுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டையைப் பாருங்கள், சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றுங்கள். திங்கட்கிழமை காலை ஒரு நாழிகை. அவசரமே இல்லை. தண்ணீர் போகிற வேகத்திலேயே போங்கள், போதும்.